ஒரு வானும் ஒரு கெட்ட பெயரும்

“அமெரிக்கன் காரைப் பற்றி ஆராய்ச்சியோ? நீ ஆராய்ஞ்சு முடிக்கிறதுக்குள்ள அது றோட்டில நிண்டுபோடும், பிள்ளை.”

மாமா இதைச் சொன்னபோது அவர் வாயில் பாதி ரோல்ஸ் இருந்தது. மாமா என்றால் அம்மாவின் மூத்த அண்ணர். விமான நிலையத்துக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவர். எங்கள் சொந்தத்தில் யார் கார் வாங்குவதென்றாலும் முதலில் அவருக்குத்தான் போன் போகும். அவர் ஓம் என்றால் வாங்குவார்கள். “உது வேண்டாம்” என்றால் அதோடு சரி. ஜப்பான் கார் அல்லாத எதற்கும் அவர் ஓம் சொல்லி நான் கேட்டதில்லை.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா, கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார்.

“மாமா, நான் காரை வாங்கப் போகேல்லை. அந்தக் கொம்பனியில வேலைக்குக் கேட்டிருக்கிறன்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். உவ்வளவு படிச்சுப்போட்டு உங்கையோ போறாய்? கொம்பனி நாளைக்கு இருக்குமோ தெரியாது.”

அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். “வேலை செய்யட்டும் மச்சான். சம்பளம் எந்தக் கொம்பனி தந்தாலும் ஒண்டுதான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆனா ஸ்ராஃப் டிஸ்கவுண்ட் எண்டு சொல்லிக் காரைக் கொண்டுவந்து எங்கட ட்ரைவ்வேயில விட்டிடாதை, என்ன?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எனக்குக் கோபமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தின் இரண்டு பக்கத்திலும் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை முடித்த முதல் ஆள் நான். அப்பாவின் படிப்பு சண்டையோடும் இடப்பெயர்வோடும் ஏழாம் வகுப்பில் நின்றுபோனது. அம்மா படித்த பள்ளிக்கூடம் ஒருநாள் அகதி முகாமாக மாறியது. அதற்குப் பிறகு அங்கே வகுப்பு நடக்கவில்லை. யாரும் பாவப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கிய அன்று, மேடையில் என் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்தவருக்கு எங்கள் வீட்டில் எத்தனை பேருடைய படிப்பை நான் சேர்த்துப் படித்தேன் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நான் நிமிர்ந்து நடந்தேன்.

ஆனால் பட்டம் வாங்கி ஒரு வருடத்துக்கு மேலாகியும் நான் ஒரு தொலைபேசிக் கொம்பனியின் கோல் சென்ரரில்தான் இருந்தேன். “இன்ரர்நெற் வேலை செய்யேல்லை” என்று கத்துகிறவர்களிடம் “மொடத்தை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ” என்று சொல்வது என் தொழில். சொந்தக்காரர் கூடும் இடங்களில் “இப்ப என்ன செய்யிறாய் பிள்ளை?” என்று யாராவது கேட்டால், அம்மா முந்திக்கொண்டு வேறு கதை தொடங்கிவிடுவார். அது எனக்குச் சுட்டது.

அந்த நேரத்தில்தான் ஒஷாவாப் பக்கம் அலுவலகம் வைத்திருந்த ஓர் அமெரிக்கக் கார் நிறுவனத்தில் ஓர் இடம் காலியானது. பெயர் வேண்டாம். எங்கள் வீட்டிலும் அதைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, “அந்த அமெரிக்கன்” என்றுதான். வேலை, கார் வைத்திருக்கிறவர்கள் காரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, அதைப் பொறியியலாளருக்குப் புரியும்படி கொண்டுபோய்க் கொடுப்பது. இயந்திரமும் தெரிய வேண்டும், மனிதரோடு கதைக்கவும் தெரிய வேண்டும். கோல் சென்ரரில் நான் திட்டு வாங்கியது முதல் தடவையாக எனக்கு ஒரு தகுதியாகத் தெரிந்தது.

முதல் நேர்முகத்தில் தேறினேன். இரண்டாவதற்கு ஒரு வேலை தந்தார்கள். எங்கள் கார்களை வாங்காத ஒரு கூட்டத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். அவர்கள் ஏன் வாங்குவதில்லை என்று கண்டுபிடித்து வந்து எங்கள் முன்னால் பேசுங்கள் என்றார்கள். இருந்தது ஒரே ஓர் இடம். போட்டியில் நான் மட்டும் இல்லை.

எந்தக் கூட்டம் என்று நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க் கலியாண மண்டபத்தின் கார் தரிப்பிடத்தையும் போய்ப் பாருங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று நிறம்தான் மாறும். எல்லாம் ஜப்பான்.

முதலில் நிறுவனத்தின் சரித்திரத்தைப் படித்தேன். நூலகத்தில் இருந்த தடித்த புத்தகங்கள், பழைய விளம்பரங்கள், பழைய கார் வைத்திருப்பவர்கள் இணையத்தில் எழுதுகிற சண்டைகள், எல்லாவற்றையும். குதிரை வண்டிகளுக்குச் சில்லுச் செய்த ஒரு பட்டறையில் தொடங்கிய பெயர் அது. பிறகு முழு வண்டி, பிறகு எஞ்சின் வைத்த வண்டி. யுத்த காலத்தில் ராணுவ லொறி. யுத்தம் முடிந்ததும், பின்பக்கம் மீன்வால் மாதிரி நீண்ட பெரிய பெரிய கார்கள். ஒரு தலைமுறைக்கு அந்தப் பெயர் வீட்டு வாசலில் நிற்பதே பெருமையாக இருந்திருக்கிறது. அப்பாவின் காரை மகனும், மகனின் காரை அவன் மகளும் அதே கொம்பனியில் வாங்கியிருக்கிறார்கள்.

பிறகு பெற்றோல் விலை ஏறியது. கடல் கடந்து சின்னக் கார்கள் வந்தன. இவர்கள் அவசரப்பட்டார்கள். அவசரத்தில் செய்த கார்களின் கதவு ஒட்டாது, பெயின்ற் உரியும், கியர்பெட்டி முனகும். அந்தக் காலத்து உரிமையாளர் எழுதியதை வாசித்தால் பொய்த்துப்போன காதல் கடிதங்களை வாசிப்பது போலிருக்கும், அவ்வளவு கோபம். அதற்குப் பிறகு நிறுவனம் திருந்தியது. ஒரே நாளில் அல்ல, வருடக்கணக்காக. இப்போது அந்தக் கார்கள் மோசமில்லை. சிலது உண்மையிலேயே நல்ல கார்கள். இயந்திரம் படித்தவள் என்ற முறையில் நான் அதைச் சொல்லலாம்.

ஆக, பெயர் கெட்டதற்குக் காரணம் இருந்தது. கார் திருந்திய பிறகும் எங்கள் ஆட்களிடம் மட்டும் பெயர் ஏன் திருந்தவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

போனில் ஒரு கேள்விக்கொத்து தயாரித்துத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். பதில்கள் வந்து குவிந்தன. அமெரிக்கன் கார் ஏன் வேண்டாம்? “நம்பேலாது.” ஏன் நம்பேலாது? “உழைக்காது.” உங்களுக்கு எப்படித் தெரியும்? “எல்லாருக்கும் தெரியும்தானே.” ஒரு மச்சாள் மட்டும் நீளமாக எழுதியிருந்தாள்: “Dad சொன்னவர். ஏன் எண்டு கேட்டா கத்துவார்.” இதைக் கொண்டுபோய் ஒஷாவாவில் எப்படிப் பேசுவது? கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒருமுறை பேசிப் பார்த்தேன். எனக்கே நித்திரை வந்தது.

அந்தக் கிழமை அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். மண்டபம் எடுத்து, மேடை சோடித்து, கேக்கில் அவருடைய படம் அச்சிட்டுப் பெரிதாகச் செய்தார்கள். நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேல் காலத்தில் ஒரே கட்டடத்தில் இருந்த ஆட்கள், இப்போது ஏஜக்ஸ், பிரம்டன், மார்க்கம் என்று சிதறிப்போனவர்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். எனக்குப் போக மனமில்லை. “வராட்டி ஏன் வரேல்லை எண்டு கேப்பினம்” என்றார் அம்மா. போனேன்.

சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் ஏஜக்ஸிலிருந்து வந்த ஓர் அன்ரி. பட்டுச் சேலையும் பெரிய குரலுமாக இருந்தார். எனக்கு எதிரே, ஒரு காலத்தில் அப்பாவோடு விடிய எழும்பி வீடு வீடாகப் பேப்பர் போட்ட அங்கிள். அப்பா மேசையின் அந்தத் தொங்கலில், கடைசிக் கதிரையில். மாமா பக்கத்து மேசையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ ரயர் பற்றி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

“பிள்ளை இப்ப என்ன செய்யிறா?” என்று அன்ரி அம்மாவைக் கேட்டார். அம்மா கொத்துரொட்டிக் கோப்பையை நோக்கிக் கையை நீட்டினார். இந்தமுறை நான் முந்திக்கொண்டேன். வேலைக்குக் கேட்டிருக்கிறேன், இன்ன கொம்பனி, அவர்களுடைய காரை எங்கள் ஆட்கள் ஏன் வாங்குவதில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

“ஐயோ, அதோ?” அன்ரி கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டார். “நாங்கள் பட்ட பாடு எனக்கெல்லோ தெரியும். பார்க்டேலால வீடு மாறி வரேக்க, ஹைவேக்கு நடுவில, உள்ளுக்கை ஏத்தின பிறிஜ்ஜோட நிண்டுட்டுது. பின்னால நிண்டவங்கள் எல்லாம் ஹோர்ன் அடிக்கிறாங்கள். நான் மாசமா இருக்கிறன்.”

“கார் நிண்டதோ அன்ரி?”

“வானடி பிள்ளை. வான்.”

“எங்களிட்டையும் அந்த அமெரிக்கன் வான் ஒண்டு நிண்டது,” என்றார் எதிரே இருந்த பேப்பர் அங்கிள். “சனியன். பக்கக் கதவு திறக்கிறதெண்டால் முழங்காலால ஒரு தள்ளு தள்ளித் தூக்கி இழுக்கவேணும். எங்கட மனிசிக்குத் திறக்கவே வராது. நான் வாற வரைக்கும் உள்ளுக்கை இருப்பா.”

“எங்கடையும் அப்பிடித்தான்!” அன்ரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அந்தக் கொம்பனி செய்யிற வானெல்லாத்துக்கும் கதவு அப்பிடித்தான் போல.”

நான் போனை எடுத்துக் குறிக்கத் தொடங்கினேன். இரண்டு உரிமையாளர், ஒரே கதவுக் குறைபாடு. பொறியியலாளருக்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

“என்ன நிறம் உங்கட?” என்று அங்கிள் அன்ரியைக் கேட்டார்.

“வெள்ளை. உங்கட?”

“பச்சை. நான்தான் அடிச்சனான், தூரிகையால. கதவில ஒரு பெரிய ரோசாப்பூப் படம் இருந்தது, அதோட எப்பிடிப் பேப்பர் போடப் போறது? ஆம்பிளைக்கு வெக்கமெல்லோ. ஆனா மழை பெய்தால் பச்சைக்குள்ளால பூத் தெரியும்.”

அன்ரி கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “சிவப்பு ரோசாவோ? காம்பில ஒரு இலையோட?”

“ஓம்.”

“அண்ணை, நீங்கள் அதை ஆரிட்ட வாங்கினீங்கள்?”

“ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவின ஒரு பெடியனிட்ட. இப்ப லண்டனில இருக்கிறான்.”

“அவன்ர தலையிலதானே நாங்கள் அதைக் கட்டினனாங்கள்!”

மேசை வெடித்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மேசைத் தொங்கலில் அப்பா தலையைக் குனிந்து இறைச்சி எலும்பை மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் அங்கிளைப் பார்த்தேன். “அங்கிள், நீங்கள் ஆருக்கு வித்தனீங்கள்?”

அங்கிள் முகவாயால் அப்பாவைக் காட்டினார்.

அன்ரி இப்போது சூடாகிவிட்டார். “எங்களுக்கு வித்தது என்ர தங்கச்சியின்ர மனிசன். அவர் ஆரோ மொன்றியலுக்குப் போற ஒரு ஆளிட்ட வாங்கினவர். டக்சி ஓடுற ஆள். நல்ல நெட்டை, மீசை.”

மொன்றியலுக்குப் போய்ச் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த, டக்சி ஓடுகிற, நெட்டையான, மீசை வைத்த ஆள் எங்களுக்கு முதுகைக் காட்டி ரயர் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா!” என்று கூப்பிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

மாமா வந்து கதையைக் கேட்டார். முதலில் நம்பவில்லை. பிறகு ரோசாப்பூ என்றதும் முகம் மாறியது. “பார்க்டேலில ஒரு பூக்கடைக்காரன் வித்தது. நான் கடைப்பேரைத்தான் சுரண்டினனான், பூ வடிவா இருந்ததால விட்டிட்டன்.” அவர் மொன்றியலால் திரும்பி வருவதற்குள் அப்பா அந்த வானைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். அதனால் சொந்த மச்சானிடம் வந்து சேர்ந்தது தன்னுடைய வான்தான் என்று மாமாவுக்குத் தெரியாது; மச்சான் சொன்ன கதையைக் கேட்டுத்தான் அவரும் அமெரிக்கனைப் பேசத் தொடங்கியிருந்தார். அப்பாவுக்கும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது தனக்கு விற்ற ஆளையும் தான் விற்ற ஆளையும்தான்.

எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் எல்லாம் இத்தனை வருடமாக அமெரிக்கன் காருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள், குறைந்தபட்சம் நான் கேட்டு வளர்ந்தவர்கள், எல்லோரும் ஒரே வானைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

“மாமா, நீங்கள் வைச்சிருக்கேக்க எஞ்சின் ஒயில் எப்ப எப்ப மாத்தினனீங்கள்?”

“மாத்திறதோ? குறைஞ்சால் ஊத்துவம்.”

“எத்தினை பேரை ஏத்தினனீங்கள்?”

“கோயிலுக்குப் போகேக்க ஆக்களை எண்ணக்கூடாது பிள்ளை, நாவூறு.”

அங்கிள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அன்ரி அவர் முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. நான் அன்ரியிடம் திரும்பினேன். எனக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. “அன்ரி, அந்த வான்தான் கூடாது எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாமே? ஏன் கொம்பனி கூடாது எண்டு சொன்னனீங்கள்?”

அன்ரி என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“எப்பிடியடி சொல்லுறது? தங்கச்சி மனிசன் தந்த வான். அது கூடாது எண்டால் அவர் எங்களை ஏமாத்திப்போட்டார் எண்டெல்லோ அர்த்தம்? பேந்து தங்கச்சி வீட்டுப்படி ஏறலாமோ? கொம்பனிக்காரனைப் பேசினால் ஆருக்கு நோகும்? அவன் என்ன எங்கட கலியாணத்துக்கு வரப்போறானே?”

அங்கிள் தலையாட்டினார். அப்பாவும் எலும்பை வைத்துவிட்டுத் தலையாட்டினார். மாமா மட்டும், “நான் தந்தபோது நல்லாத்தான் ஓடினது” என்றார்.

நான் தேடிய பதில் அதுதான். ஒவ்வொருவரும் தனக்கு விற்ற சொந்தக்காரனின், சிநேகிதனின் முகத்தைக் காப்பாற்ற, முகமில்லாத கொம்பனியில் பழியைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களின் மரியாதை செய்த வேலை இது. அந்த மரியாதை தெரியாத யாரும் எத்தனை கேள்விக்கொத்து அனுப்பினாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

திரும்பி வரும்போது அப்பா காரை ஓட்டினார். அம்மா பின்னால் தூங்கிவிட்டார். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா முன்னால் பார்த்தபடியே சொன்னார்: “எங்கட கையில இருக்கேக்க அது ஒருக்காத்தான் நிண்டது.”

“என்ன நடந்தது?”

“பெற்றோல் முடிஞ்சிட்டுது. அம்மாவுக்குக் கொம்பனி பிழை எண்டு சொன்னனான். நீ இப்ப சொல்லிப்போடாதை.”

“இவ்வளவு நாளும் நித்திரை எண்டோ நினைச்சீங்கள்?” என்றார் பின்னால் இருந்து அம்மா.

அடுத்த நாள் காலையில் எனக்குப் பயம் வந்தது. ஒரு வான், ஒரு மேசை, ஒரு பிறந்தநாள் விழா. இதை ஆராய்ச்சி என்று கொண்டுபோனால் சிரிக்க மாட்டார்களா? என்னோடு படித்த சிநேகிதி, அவளும் வேறோர் இடத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தவள், “Seriously, உன்ர family joke-ஐயா present பண்ணப் போறாய்?” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு குடும்பத்தின் கதையை ஒரு சமூகத்தின் தலையில் கட்டினால், நானும் அந்த வானைப் பேசியவர்களைப் போலத்தான் ஆகிவிடுவேன்.

ஆகவே வெளியே போனேன். எங்களுக்குத் தெரியாத ஆட்களாகப் பார்த்துப் போனேன். கோயில் வாசல், தமிழ்க் கடைகளின் தரிப்பிடம், ஒரு ஊர்ச் சங்கத்தின் கூட்டம், மட்டக்களப்புப் பக்கத்தவர்களின் ஒன்றுகூடல். “கார் எப்படி?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “உங்கட முதல் காரை உங்களுக்கு ஆர் தந்தது?” என்று கேட்டேன். அந்தக் கேள்வி கதவைத் திறந்துவிட்டது. அண்ணர் தந்தார், மச்சான் தந்தார், ஒரே அறையில் படுத்தவர் தந்தார். கார் எப்படி ஓடியது? “அந்தக் கொம்பனி கூடாது.” தந்தவர் நல்லவர், கொம்பனி கூடாது. எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. சிலர் உண்மையிலேயே புதுக் கார் வாங்கி உண்மையிலேயே ஏமாந்திருந்தார்கள், அதையும் எழுதிக்கொண்டேன். ஆனால் திரும்பத் திரும்ப அதே கதையும் வேறு வேறு வாகனங்களில் வந்தது. ரோசாப்பூ எங்கள் வானில் மட்டும்தான்.

ஒஷாவா போன அன்று காலையில் அம்மா எனக்குத் திருநீறு பூசிவிட்டார். பிறகு “வெள்ளைக்காரருக்கு முன்னால கன நேரம் கதைக்காதை, அவையளுக்கு அலுக்கும்” என்றார். நான் நிறைய நேரம் கதைத்தேன்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கேள்வி கேட்கும் பெண் ஒருத்தி, எல்லாவற்றையும் தட்டச்சு செய்யும் இளைஞன் ஒருவன், மூலையில் ஒரு வயதான பொறியியலாளர். அவர் வணக்கம் சொன்னதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. பிறந்தநாள் மேசையிலிருந்து தொடங்கி, நான் கேட்டவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரோசாப்பூ மழையில் தெரிந்த இடத்தில் இளைஞன் தட்டச்சை நிறுத்திவிட்டான்.

அந்தப் பெண் சிரிக்காமல் கேட்டார்: “சரி, அதற்கு நாங்கள் என்ன செய்வது? தமிழில் விளம்பரம் போடவா?”

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் நான் தயாரித்து வைத்த பதிலைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் வேறொன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வேண்டாம் என்றேன். நீங்கள் உரிமையாளர் என்று நினைப்பது உங்கள் காட்சியறையில் சாவி வாங்குகிறவரை. மூன்று வருடம் கழித்து அவருக்கு ஒரு கேள்விக்கொத்து அனுப்புவீர்கள், அதோடு முடிந்தது. எங்கள் அப்பா அந்த வானுக்கு ஆறாவது உரிமையாளர், பூக்கடையைச் சேர்த்தால் ஏழாவது. அவரிடம் உங்கள் கொம்பனியிலிருந்து யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு நாட்டுக்குப் புதிதாக வருகிற எல்லோருடைய முதல் காரும் யாரோ ஒருவரின் பழைய கார்தான். உங்கள் பெயரை அவர்கள் கற்றுக்கொள்வது அந்தப் பழைய காரில். அந்த வான் முதல் ஆளிடமே செத்துப்போயிருந்தால் உங்களைப் பேச ஒருவர்தான் இருந்திருப்பார். ஒயிலே மாற்றாமல், ஆட்களை எண்ணாமல், வீடு வீடாகச் சாமான் ஏற்றியும் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஓடியதால்தான் இத்தனை பேர் அதைப் பேசினார்கள். உங்கள் ஆட்கள் அதை நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்.

மூலையில் இருந்த பொறியியலாளர் முன்னுக்குச் சாய்ந்தார். “அந்தக் கதவு,” என்றார், “முழங்காலால் தள்ளித் தூக்கி இழுக்க வேண்டும் என்றா சொன்னீர்கள்?”

“ஆம்.”

“அது எங்கள் பிழைதான்.” அவர் சிரித்தார். “கதவு சறுக்கி ஓடும் அந்தத் தண்டவாளத்தை வரைந்த மேசைக்குப் பக்கத்து மேசையில் நான் இருந்தேன். கட்டையாக இருக்கிறது என்று அப்போதே சொன்னேன்.”

அதற்குப் பிறகு நாங்கள் நேர்முகம் என்பதை மறந்துவிட்டுக் கதவுத் தண்டவாளத்தைப் பற்றி நெடுநேரம் பேசினோம். அவர் தாளில் வரைய, நான் அவர் கையிலிருந்த பேனையை வாங்கித் திருத்த, அந்தப் பெண் கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார்.

வேலை எனக்குக் கிடைத்தது. போன் வந்தபோது நான் கோல் சென்ரரின் இடைவேளை அறையில் இருந்தேன். நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, அங்கே இருந்த யாருக்கும் விளங்காத தமிழில் “வெண்டிட்டன்” என்று கத்தினேன். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். வாடிக்கையாளர் யாரோ என்னை அழவைத்துவிட்டார் என்று நினைத்தாராம்.

அப்பாவுக்குச் சொன்னேன். அவர் வேலைத் தலத்தில், சாமான் தூக்கும் இயந்திரத்தின் மேல் இருந்தார். “நில், நில்,” என்று அதை நிறுத்திவிட்டு, “இன்னொருக்காச் சொல்லு” என்றார். இன்னொரு முறை சொன்னேன். பக்கத்தில் யாருக்கோ தன் ஆங்கிலத்தில் “மை டோட்டர், இஞ்சினியர்” என்று அவர் சொல்வது கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா முதல் தடவையாகத் தானாகவே எல்லோருக்கும் போன் எடுத்தார். யாரும் கேட்பதற்கு முன்னால், மகளுக்கு என்ன வேலை, எந்தக் கொம்பனி, மேசை எந்த மாடியில் என்று எல்லாம் சொன்னார். ஏஜக்ஸ் அன்ரியின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. மாமா நேரில் வந்தார், கையில் ஒரு கேக் பெட்டியோடு.

“பாத்தியே,” என்றார், கதிரையில் அமர்ந்ததும். “நான் அந்த வானைப் பூக்கடையில வாங்கினபடியால்தான் உனக்கு இண்டைக்கு வேலை.”

“ஓம் மாமா. ஒயிலும் மாத்தியிருந்தால் மனேஜர் வேலையே தந்திருப்பினம்.”

அப்பா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையில் சிந்தியது. மாமாவும் சிரித்தார். பிறகு உண்மையான குரலில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “நல்லாச் செய்தாய்” என்றார். அது அவர் ஒரு காருக்குச் சொல்லும் ஓமைவிடப் பெரிது என்று எனக்குத் தெரியும்.

வேலையில் சேர்ந்து இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த அறையில் கேள்வி கேட்ட பெண்தான் என் மேலாளர். நான் முதல் மாதமே அவரிடம் ஒரு திட்டம் கொடுத்தேன்: மூன்றாம், நாலாம், ஐந்தாம் கையாக எங்கள் கார்களை வைத்திருக்கிறவர்களை நாங்களே தேடிப் போவது. விற்பதற்கு அல்ல. காரைத் தூக்கிப் பார்த்து, என்ன குறை என்று கேட்டு, தேவையான இடத்தில் ஒயில் மாற்றிக் கொடுத்து, அவர்கள் சொல்வதைப் பொறியியலாளர் மேசைக்குக் கொண்டுபோவது. மூன்று முறை திருப்பி அனுப்பினார். நாலாவது முறை கையெழுத்து வைத்தார்.

வருகிற சனிக்கிழமை முதலாவது. வோபர்னில் ஒரு சமூக நிலையத்தின் கார் தரிப்பிடத்தை முழுநாளுக்கு எடுத்திருக்கிறேன். மெக்கானிக்குகள் வருகிறார்கள், ஓய்வு பெறப்போகிற அந்தப் பொறியியலாளரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தமிழிலும் உருதுவிலும் தகாலொக்கிலும் அறிவித்தல் அச்சாகி, நேற்று மாலை நானே கடை கடையாகக் கொண்டுபோய் ஒட்டினேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் முழுதாக, எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறது. இன்று காலை அலுவலகத்துக்கு வந்து கதிரையில் உட்காருவதற்குள், அதில் இருந்த எண்ணுக்கு முதல் அழைப்பு வந்துவிட்டது. ஒரு பெண், எங்கள் ஆள் இல்லை, போன வருடம்தான் நாட்டுக்கு வந்தவர். தன் கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர் தந்த கார் என்றார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.